பள்ளிக் குண்டும் கல்லூரிக் குண்டும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியின் முதலாண்டு இயற்பியல் வகுப்பில் ஒரு மாணவன் சேர்ந்தான். பள்ளியில் 5 கிலோ குண்டை 14 மீட்டர் எறிந்து பரிசுகள் வாங்கியவன். கல்லூரி மைதானத்தில் முதல் நாள் அவன் எறிந்த தூரம் 10.90 மீட்டர்தான். இரண்டு வாரம் விடாமல் முயன்றான். தூரம் கூடவில்லை, முதுகுவலி வந்ததுதான் மிச்சம். "எனக்குப் பலம் போய்விட்டது, சார்" என்று சொல்லிவிட்டு, மைதானத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டான்.

உண்மையிலேயே அவன் பலம் குறைந்துவிட்டதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாறியது எது?

சர்வதேச விதிகளின்படி 18 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்குக் குண்டின் நிறை 5 கிலோ, 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 6 கிலோ, பெரியவர்களுக்கு 7.26 கிலோ. (இந்த விந்தையான எண் எங்கிருந்து வந்தது? 16 பவுண்டு என்பதைக் கிலோவாக மாற்றினால் கிடைப்பது இதுதான்.) பெண்களுக்கு 3 கிலோ, பிறகு 4 கிலோ. ஈட்டி, வட்டு, தடை ஓட்டம் ஆகியவற்றிலும் இதே கதைதான். ஆண்களுக்கான ஈட்டி 700 கிராமிலிருந்து 800 கிராம் ஆகிறது. 110 மீட்டர் ஓட்டத்தின் தடை 91.4 சென்டிமீட்டரிலிருந்து 106.7 சென்டிமீட்டருக்கு உயர்கிறது. பல்கலைக்கழகப் போட்டிகளில் பெரியவர்களின் கருவிகளே பயன்படுகின்றன. ஆகவே, பள்ளியை விட்டுக் கல்லூரிக்குப் போகும் வீரர் அதே விளையாட்டைத் தொடர்வதாக நினைக்கிறார். இயற்பியலின் கண்ணில் அது வேறு விளையாட்டு!

ஒரு சிறு சூத்திரம்

குண்டு கையை விட்டுப் பிரியும் இடம் தரையிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் உயரம் என்று கொள்வோம். ஏற்ற கோணத்தில் எறிந்தால், குண்டு பெற்ற இயக்க ஆற்றலைத் தோராயமாக இப்படிக் காணலாம்:

ஆற்றல் = 4.9 × நிறை × (தூரம் − 2)

நிறையைக் கிலோவிலும் தூரத்தை மீட்டரிலும் இட்டால் விடை ஜூலில் கிடைக்கும்.

பள்ளிக் குண்டு: 4.9 × 5 × 12 = 294 ஜூல்.
கல்லூரிக் குண்டு: 4.9 × 7.26 × 8.9 = 317 ஜூல்.

பார்த்தீர்களா! தூரம் 3 மீட்டருக்கு மேல் குறைந்தது. ஆனால் குண்டுக்கு அவன் கொடுத்த ஆற்றல் கூடியிருக்கிறது. பழைய 294 ஜூலையே கொடுத்திருந்தால் குண்டு 10.26 மீட்டரில் விழுந்திருக்கும்.

உலகப் புகழ்பெற்ற வீரருக்கும் இதே அனுபவம்தான். அமெரிக்காவின் மைக்கேல் கார்ட்டர் 1979இல் உயர்நிலைப்பள்ளி மாணவராக 12 பவுண்டு, அதாவது 5.44 கிலோ குண்டை 24.77 மீட்டர் எறிந்தார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 7.26 கிலோ குண்டை 21.09 மீட்டர் எறிந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். தூரத்தில் 3.68 மீட்டர் குறைவு. ஆற்றலோ ஏறக்குறைய 607 ஜூலிலிருந்து 679 ஜூலாக உயர்ந்திருந்தது. தூரத்தை மட்டும் பார்த்து அவர் மனம் உடைந்திருந்தால் பதக்கம் ஏது?

தசையின் குணம்

கனமான குண்டுக்கு அதிக ஆற்றல் கொடுக்க எப்படி முடிகிறது? கிணற்றில் நீர் இறைத்துப் பாருங்கள். வெறும் வாளி சரசரவென்று மேலே வந்துவிடும். உங்கள் முழு விசையையும் அதன்மேல் செலுத்த இயலாது. நிறைந்த வாளி மெதுவாகத்தான் வரும். அப்போதுதான் கை முழு விசையையும் காட்டும். தசை வேகமாகச் சுருங்கினால் விசை குறையும். மெதுவாகச் சுருங்கினால் விசை மிகும். தவளையின் தசையை வைத்து இந்த உறவை 1938இல் அளந்து காட்டியவர் நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேய அறிஞர் ஏ. வி. ஹில்.

பள்ளிக் குண்டில் வேகம் பெரிது. கல்லூரிக் குண்டில் விசை பெரிது. அந்த விசையைத்தான் நீங்கள் படிப்படியாக வளர்க்க வேண்டும்.

எப்படித் தயாராவது?

பத்தாம் வகுப்பிலேயே 7.26 கிலோ குண்டைத் தூக்கிவிடாதீர்கள். 5 கிலோவிலிருந்து நேரே அதற்குத் தாவினால் ஏற்றம் 45 விழுக்காடு. இடையில் 6 கிலோ குண்டை வைத்தால் முதற்படி 20 விழுக்காடு, இரண்டாம் படி 21 விழுக்காடு. ஏறக்குறைய சமமான இரண்டு படிகள்! ஒவ்வொரு படியிலும் சில மாதங்களாவது நில்லுங்கள்.

பொறுமைக்குக் காரணம் உண்டு. தசை விரைவில் வலுப்பெறும்; அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகவே வலுப்பெறும். பதின்வயதில் எலும்பு முனைகளுக்கு அருகிலுள்ள வளர்தட்டுகளும் இன்னும் இறுகியிருக்க மாட்டா. அவசரத்தில் அடிபடுவது இவைதான்.

விசை பிறப்பது கையில் அன்று, காலில். கால் தரையை உதைக்கிறது. தரை உங்களைத் திருப்பித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி! எனவே தொடைக்கும் இடுப்புக்கும் உரிய பயிற்சிகளை உடற்கல்வி ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யுங்கள். கனமான குண்டையே எறிந்துகொண்டிருந்தால் உடல் மெதுவாக எறியப் பழகிவிடும். ஆகவே இலேசான குண்டையும் கைவிட வேண்டாம். மூட்டிலோ முதுகிலோ வலி கண்டால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, குண்டின் நிறை, தூரம், ஆற்றல் என நான்கு கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். புதிய குண்டை எடுக்கும் நாளில் மூன்றாம் கட்டம் உங்களைப் பயமுறுத்தும். நான்காம் கட்டத்தைப் பாருங்கள்.

அந்த மாணவனுக்கும் கரும்பலகையில் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். 317 என்ற எண்ணைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். முதுகுவலி தீர்ந்ததும் 6 கிலோ குண்டோடு மீண்டும் தொடங்கினான். மூன்றாம் ஆண்டில், 7.26 கிலோ குண்டை 12 மீட்டருக்கு அப்பால் எறிந்தான். அது எத்தனை ஜூல் என்பதை நீங்களே கணக்கிடுங்கள்.