வாளிப் பயிர்ச்செய்கைக்கான வளர்ப்பூடகம்: தெரிவும் மீளுபயோகமும்

மரக்கறிச் செய்கையிலே ஈடுபடும் கமக்காரருட் பலர், ஒரே தோட்டத்தில் ஆண்டுதோறும் தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றைச் செய்கைபண்ணி, ஈற்றில் வாடல் நோயாலும் வேர் முடிச்சுப் புழுவாலும் நட்டமடைகின்றனர். வேறு சிலருக்கு வயல் உண்டு. ஆயின் வீட்டைச் சுற்றி மரக்கறிக்கு உகந்த மண் இல்லை. இத்தகையோர் மண்ணின்றி வாளியிற் பயிர் வளர்க்கும் முறையைக் கைக்கொள்ளலாம். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மரக்கறி விலை ஏறியமையால், சிறு வளவுகளிலும் பயிர் செய்யவேண்டிய தேவையைப் பல குடும்பங்கள் உணர்ந்தன.

இம்முறைக்கு மின்சாரமோ நீரிறைக்கும் பொறியோ தேவையில்லை. 1946 ஆம் ஆண்டளவில் அக்காலத்தில் இந்தியாவின் டார்ஜிலிங் மாவட்டத்தில் அடங்கியிருந்த கலிம்பொங்கில், ஷோல்ரோ டக்ளஸ் என்பவர் கல்லையும் மணலையும் கொண்டு எளிய மண்ணில்லாப் பயிர்ச்செய்கை முறையொன்றை வகுத்தார். அது பின்னர் வங்காள முறை எனப் பெயர்பெற்றது. விலையுயர்ந்த சாதனங்களை விடுத்து, அயலிற் கிடைக்கும் பொருளை அறிந்து பயன்படுத்துவதே அதன் அடிப்படை. வாளிச் செய்கைக்கும் அதுவே பொருந்தும்.

வாளி அமைப்பு

20 லீற்றர் கொள்ளக்கூடிய, வெளிச்சம் ஊடுருவாத பிளாஸ்ரிக் வாளியொன்றை எடுத்து, அதன் அடியிலிருந்து 5 சதம மீற்றர் உயரத்தில், பக்கச் சுவரில் ஒரு துவாரம் இடவேண்டும். வாளியை வளர்ப்பூடகத்தால் நிரப்பிப் போசணைக் கரைசலை மேலிருந்து ஊற்றினால், மிகையானது துவாரத்தின் வழியே வெளியேறும். எஞ்சிய ஏறக்குறைய 2 லீற்றர் அடியிலே தங்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அக்கரைசல் ஊடகத்தின் நுண்ணிய இடைவெளிகளினூடே மேலேறி வேர்களை அடையும். காய்க்கும் பருவத்துத் தக்காளி கடும் வெயில் நாளில் இவ்வளவையும் ஒரே நாளிற் குடித்துவிடக் கூடுமாதலால் நாள்தோறும் கவனித்தல் அவசியம்.

பீடைநாசினி இருந்த வாளிகளை எவ்வாறு கழுவினும் உபயோகித்தல் ஆகாது. நீர் ஊடகத்தினுள்ளே மறைந்திருத்தல் வேண்டும். திறந்த நீர் எங்கேனும் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும்.

நல்ல ஊடகத்தின் இயல்புகள்

ஊடகம் செடிக்கு உணவளிப்பதன்று. உணவைக் கரைசல் அளிக்கும். ஊடகத்தின் கடமைகள் மூன்று: செடியைத் தாங்குதல், நீரை மேலே ஏற்றுதல், வேருக்குக் காற்றுக் கொடுத்தல். பின்னைய இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. துணிக்கைகள் மிக நுண்ணியவையாயின் நீர் நன்கு ஏறும். ஆயின் இடைவெளிகளெல்லாம் நீரால் நிறைந்து ஒட்சிசன் இன்றி வேர் அழுகும். துணிக்கைகள் மிகப் பெரியனவாயின் காற்று நிறைய உண்டு. ஆயின் நீர் மேலேறாது இளஞ்செடி வாடும். ஆகவே நுண்ணியதும் பருமனானதும் கலந்த ஊடகமே சிறந்தது.

கிடைக்கும் பொருட்கள்

தும்புத்தூள்: தன் நிறையைப்போற் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். 5 கிலோகிராம் அழுத்திய கட்டியொன்று நீரில் ஊறியபின் 60 முதல் 70 லீற்றர் வரை பொங்கும். ஆயின் கடலோரத் தென்னைகளிலிருந்தும், உவர்நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்தும் பெறப்படும் தூளில் உப்பு மிகுதியாக இருக்கும். எனவே மூன்று அல்லது நான்கு முறை நன்னீரில் ஊறவைத்து வடித்தல் வேண்டும். மேலும், இத்தூள் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் தன்னிடத்தே பிடித்துவைத்துக் கொண்டு, பின்னர் அவற்றை விடுத்துக் கரைசலிலுள்ள கல்சியத்தைக் கவர்ந்துகொள்ளும். தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். இதனைத் தவிர்க்க, ஒரு கட்டிக்கு 100 கிராம் கல்சியம் நைத்திரேற்றைக் கரைத்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, மீண்டும் கழுவுதல் நன்று.

கரியாக்கிய உமி: நெற் செய்கையாளருக்கு இது செலவின்றிக் கிடைக்கும். பச்சை உமியை அப்படியே இடுதல் தகாது. அதிலுள்ள நெல்லும் களை விதைகளும் முளைக்கும். உமி உக்கும்போது நைதரசனும் குறையும். துளையிட்ட தகரமொன்றின் உள்ளே சிறு நெருப்பு மூட்டி, தகரத்தைச் சுற்றி உமியைக் குவித்து, அடிக்கடி கிளறி, முழுவதும் கறுத்தவுடன் நீர் தெளித்து அணைக்க வேண்டும். வெண்சாம்பலாகும்வரை எரியவிடலாகாது; சாம்பல் காரத்தன்மை மிக்கது. கரியையும் இரு முறை கழுவியே உபயோகிக்க வேண்டும்.

மணல்: கழுவிய பருமனான ஆற்று மணல் ஏற்றது. கடல் மணல் ஆகாது. மணல் ஒரு லீற்றர் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம் நிறையுடையது. ஒரு வாளி முழுவதும் இட்டால் 30 கிலோகிராம் ஆகுமாதலால், இடம் மாற்றுதல் கடினம்.

கல்லும் செங்கற்றுண்டும்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடிநிலம் சுண்ணாம்புக் கல்லாகும். அக்கல்லை வாளியில் இட்டால் கரைசலின் காரத்தன்மை உயர்ந்து, இரும்பும் பொசுபரசும் செடிக்குக் கிட்டாமற் போகும். இளம் இலைகள் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். கல்லின் மீது வினாகிரி சில துளிகள் விட்டுப் பார்க்க. நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், விலக்குக. கருங்கற் சல்லி நுரைக்காது. சீமெந்துச் சாந்து ஒட்டிய பழைய செங்கல்லும் இதே காரணத்தால் ஆகாது.

கலக்கும் முறை

தும்புத்தூள் ஒரு பங்கு, கரியாக்கிய உமி ஒரு பங்கு என அளந்து கலந்த ஊடகம் பெரும்பாலான மரக்கறிகளுக்கு ஏற்றது. மழை மிகும் காலபோகத்தில் உமிக்கரியைச் சற்றுக் கூட்டலாம். வெயில் மிகும் சிறுபோகத்தில் தும்புத்தூளைக் கூட்டலாம். வாளியின் அடி முழுவதும் கல் பரப்புதல் பலர் செய்யும் தவறு. கல்லின் பெரிய இடைவெளிகள் நீர் மேலேறுவதைத் தடுக்கும். துவாரம் அடைபடாதபடி அதன் உட்புறத்தில் மட்டும் ஒரு கையளவு சல்லி வைத்து, மற்ற இடமெங்கும் கலவை அடிவரை செல்லும்படி நிரப்புக.

நடுவதற்கு முன்னர் ஒரு சிரட்டையில் ஊடகத்தையும் மற்றொரு சிரட்டையில் கழுவிய ஆற்று மணலையும் இட்டு, இரண்டிலும் பாசிப்பயறு பத்து விதைகள் ஊன்றுக. ஊடகத்தில் முளைத்தவை குறைந்தாலோ இலை நுனி கருகினாலோ உப்பு இன்னும் உண்டு, மீண்டும் கழுவுக.

மீண்டும் உபயோகித்தல்

ஊடகத்தை ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாக வாங்கினால் ஆதாயம் குறையும். ஆனால் நோயுற்ற ஊடகத்தை மீண்டும் இட்டால், ஒரு வாளியில் வந்த நோய் அடுத்த போகத்தில் எல்லா வாளிகளையும் அழிக்கும். எனவே, அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு வாளியையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

செடி வாடி இறந்திருப்பின், தண்டின் அடியை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையிலே தொங்கவிடுக. சில நிமிடங்களில் பால் போன்ற நூல் இறங்கினால் அது பற்றீரியா வாடல் நோய். வேரில் முடிச்சுக்கள் காணப்பட்டால் அது வட்டப்புழுவின் தாக்கம். இவ்விரண்டில் எது இருப்பினும் அவ்வாளியின் தும்புத்தூளையும் உமிக்கரியையும் மரக்கறித் தோட்டத்துக்கு அப்பால், தென்னையின் அடியிற் புதைத்துவிடுக. ஒரு வாளி ஊடகத்தைக் காக்க எண்ணி ஒரு போகத்தை இழத்தல் அறிவுடைமையன்று.

செடி நலமாக இருந்திருப்பின் பின்வருமாறு செய்க.

1. வேர்க்கட்டையை நீக்கி, ஊடகத்தை உலர்த்தி, அரித்து வேர்களை அகற்றுக.

2. ஊடகத்தின் அளவைப்போல் மூன்று மடங்கு நீர் ஊற்றி, தங்கிய உப்பை வெளியேற்றுக. இந்நீரைக் கிணற்றருகில் விடலாகாது. குடாநாட்டின் கிணறுகள் பலவற்றில் ஏற்கெனவே நைத்திரேற்று மிகுந்துள்ளது. அந்நீரைத் தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்சுக.

3. ஈரமான ஊடகத்தைப் பொலித்தீன் விரிப்பின் மேல் 15 சதம மீற்றருக்கு மேற்படாத தடிப்பிற் பரப்பி, தெளிவான பொலித்தீனால் மூடி, ஓரங்களில் மண்ணிட்டு, கடும் வெயிலில் நான்கு முதல் ஆறு கிழமை விடுக. மழைக்காலமாயின், பிட்டு அவிப்பதுபோலப் பீப்பாவில் துளைத்தட்டு வைத்து, ஊடகம் முழுவதும் சூடேறிய பின் அரை மணி நேரம் ஆவியில் அவிக்கலாம்.

4. சல்லியையும் செங்கற்றுண்டையும் கழுவி, வெளிற்றும் திரவம் ஒரு பங்கும் நீர் ஒன்பது பங்கும் கலந்து அதில் அரை மணி நேரம் ஊறவைத்து, மீண்டும் பலமுறை கழுவி வெயிலிற் காயவிடுக. இத்திரவத்துடன் வினாகிரியோ வேறு அமிலமோ சேர்த்தல் ஆபத்தானது. தும்புத்தூளை இவ்வாறு ஊறவைக்கலாகாது. வாளியையும் இதே திரவத்தாற் கழுவுக.

5. ஊடகம் குறைந்த அளவுக்குப் புதிய கலவை சேர்த்து நிரப்புக. தக்காளியோ கத்தரியோ மிளகாயோ இருந்த வாளியில் அடுத்ததாகக் கீரை, சலாது அல்லது போஞ்சியை இடுக.

தும்புத்தூள் இரண்டு அல்லது மூன்று போகத்துக்கே நின்று பிடிக்கும். கையிற் பிழிந்தால் சேறுபோல விரலிடையே வழியுமாயின் அதன் காலம் முடிந்தது. நோயற்றதாயின் அதனைக் கழுவிக் கூட்டெருவோடு சேர்த்து மணற்பாங்கான நிலத்துக்கு இடலாம். அங்கே அது ஈரத்தைக் காக்கும். கருங்கற் சல்லி பல்லாண்டுக்கு உதவும்.

இரண்டு அல்லது மூன்று வாளிகளுடன் தொடங்கி, ஒரு போகம் முழுவதும் கவனித்த பின்னர் தொகையைப் பெருக்குவதே உத்தமம். நோயை இனங்காண்பதில் ஐயம் எழின், அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் செடியை வேருடன் கொண்டுசென்று காட்டி ஆலோசனை பெறுக.