பட்டறை மாறுகிறது, பாடம் மாற வேண்டாமா?

“ஹஸ்ரத், மகனையும் இதே தொழிலில் விடலாமா?”

எங்கள் மஹல்லாவில் நெடுங்காலமாக இரு சக்கர வாகனப் பட்டறை நடத்திவரும் பாய் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. புதிய வண்டி வந்தால், “கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டு போங்கள்” என்று அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். கைத்தொழில் ஒருபோதும் கைவிடாது என்று நம்பி வளர்ந்த நாம் சிந்திக்க வேண்டிய செய்தி அல்லவா இது?

நடந்தது என்ன? 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் இருந்தது. தேர்ந்த மெக்கானிக் என்ஜினின் ஓசையைக் கேட்டே திருகைத் திருப்பிச் சீராக்கிவிடுவார். இன்றோ, சென்சார்கள் தரும் தகவலைக் கொண்டு ஒரு சிறு கணினியே பெட்ரோலை அளந்து தெளிக்கச் செய்கிறது. அதன் பழுதை அறிய ஸ்கேனர் வேண்டும். மின்சார ஸ்கூட்டரிலோ என்ஜினே இல்லை. பேட்டரியும் மோட்டாரும் கன்ட்ரோலருமே உள்ளன.

அப்படியாயின் பாயின் அனுபவம் வீணா? இல்லை. பிரேக்கும் பேரிங்கும் ஷாக் அப்சார்பரும் அப்படியே இருக்கின்றன. பழுதைப் படிப்படியாகத் தேடும் பொறுமையும் மாறவில்லை. அவருக்குக் குறைவது மின்னணுவியல் அறிவு ஒன்றே.

ஐ.டி.ஐ.களில் மின்சார வாகன மெக்கானிக் பிரிவு வந்துவிட்டது. 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனப்படுத்தத் தமிழக அரசு 2022இல் ஒப்பந்தம் செய்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் இளைஞருக்கு வாசல் திறந்தால் மட்டும் போதுமா? அன்றாட வருமானத்தில் குடும்பம் நடத்துபவர் பட்டறையைப் பூட்டிவிட்டு ஈராண்டு படிக்க இயலுமா? அவருக்கு மாலை நேர வகுப்பும், சில வாரப் பயிற்சியும் வேண்டும்.

பெற்றோர்களே! பிள்ளையைத் தொழிற்கல்வியில் சேர்க்குமுன் விசாரியுங்கள்: பயிற்சிக்கூடத்தில் இன்றைய வண்டி நிற்கிறதா? மாணவன் கையால் அதைப் பிரித்துப் பூட்டுகிறானா? எப்படிச் செய்வது என்பதோடு, ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதையும் கற்பிக்கிறார்களா? காரணம் அறிந்தவனே நாளை வரும் புதிய கருவியையும் தானே கற்றுக்கொள்வான்.

பாய்க்கு நான் சொன்ன பதில் இதுதான்: “தாராளமாக விடுங்கள். ஆனால் முதலில் ஐ.டி.ஐ.யில் படிக்கட்டும். மாலையில் பட்டறைக்கு வரட்டும். அவன் உங்களிடம் கற்கட்டும். நீங்களும் அவனிடம் கற்றுக்கொள்ளுங்கள்.”