ஒன்பது மணிக் கூழும் ஏழு மணி இட்லியும்

காலை ஏழு மணி. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அதற்குள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தவர்கள் பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி வந்து பெஞ்சில் உட்கார, கொண்டுவந்த டிபன் பாக்ஸ்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ஒருவரிடம் சட்னி தடவிச் சுருட்டிய தோசை. இன்னொருவரிடம் பக்கத்து மெஸ்ஸில் வாங்கிய பொங்கல் பொட்டலம். என் அப்பாவிடம் மூன்று இட்லி.

"சாப்பிட ஆரம்பிச்சது எத்தன மணிக்குங்கய்யா?" என்று கேட்டுச் சீட்டில் குறித்துக்கொள்கிறாள் அங்கே வேலை பார்க்கும் பெண்.

"ஏழே காலு இருக்குங் கண்ணு."

"அப்ப ஒம்பதே காலுக்குக் கூப்பிடறங்க. எங்கயும் போயிராதீங்க, இங்கயே உக்காந்திருங்க."

அப்பா தலையாட்டினார். டிவியில் ராசிபலன் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் எனக்கு எங்கள் அப்பாருவின் காலைகள் நினைவுக்கு வந்தன.

அன்று

அப்பாவைப் பெற்றவரைக் கொங்குப் பக்கம் அப்பாரு என்போம். பல்லடம் பக்கத்தில் மானாவாரிக் காடு, ஓரமாக ஒரு கிணறு. கம்பும் சோளமும் கொள்ளும் விளையும் மண். நாலரை மணிக்கு எழுந்தால் ஒரு சொம்பு நீராகாரம் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவார். மோட்டார் வருவதற்கு முன் விடியும் முன்பே கவலை ஓட்டுவார்களாம். மாடுகளோடு முன்னும் பின்னுமாக நடந்து தண்ணீர் இறைக்கும் வேலை. நான் பார்த்த காலத்தில் மோட்டார் வந்துவிட்டது. ஆனாலும் மடை மாற்ற, களை வெட்ட, தட்டு அறுக்க என்று ஆள் நிற்கவே மாட்டார்.

ஒன்பது மணிவாக்கில் அப்பாருவின் மனைவி, எங்கள் ஆத்தா, தூக்குப்போசியோடு காட்டுக்குப் போவார். உள்ளே கம்மங்கூழ். கடித்துக்கொள்ள நாலைந்து சின்ன வெங்காயம், ஒரு மோர்மிளகாய், சில நாள் கொள்ளுச் சட்னி. அந்தக் கூழ் ஒரு நாளில் ஆவதில்லை. கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் போட்டுக் குத்திப் புடைத்து, மறுபடி குத்தி நொய்யாக்கி, உலையில் களியாகக் கிண்டி, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் மறுநாள் காலை லேசாகப் புளித்திருக்கும். அதில் மோர் ஊற்றி, உப்புப் போட்டுக் கையால் கரைத்தால் கூழ்.

இன்றைய உணவியல் படித்தவர் அந்தப் போசியைப் பார்த்தால் சில விஷயங்களைக் குறித்துக்கொள்வார். உலக்கையில் குத்திய தானியத்தில் நார்ச்சத்து பெரும்பகுதி தங்கிவிடும். கொரகொரப்பாக உடைந்திருப்பதால் செரிமானமும் மெதுவாக நடக்கும். வெந்த மாவுச்சத்து ஓர் இரவு ஆறிக் கிடந்தால் அதில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடும். பழைய சோற்றுக்கும் இது பொருந்தும். புளிப்பு, இரைப்பையிலிருந்து உணவு இறங்கும் வேகத்தைக் குறைக்கும். இவையெல்லாம் சேர்ந்து சர்க்கரை ரத்தத்துக்குள் நிதானமாக இறங்க உதவும்.

ஆனால் போசியைக் கழுவி வைத்ததும் அப்பாரு என்ன செய்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி வேலைக்கு இறங்கினார். வேலை செய்யும் தசை, இன்சுலினுக்காகக் காத்திராமல் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். அவருடைய காலை உணவுக்கு முன்னால் நாலு மணி நேர வேலை, பின்னால் நாலு மணி நேர வேலை. கூழ் அதற்கு நடுவில் இருந்தது.

அவருக்குச் சர்க்கரை இருந்ததா என்று யாரும் பரிசோதித்துப் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் நோயே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. அன்று பசி இருந்தது. மழை பொய்த்த வருஷம் போசியில் தண்ணீர்தான் அதிகம் இருக்கும் என்பார் அப்பா. வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

நடுவில் சுற்றிய கல்

எங்கள் ஊரில் இட்லிக்குப் பலகாரம் என்று பெயர். தீவாளி நோம்பி, பொங்கல் நோம்பி, வீட்டுக்கு மாப்பிள்ளை வந்த நாள் என்று வருஷத்தில் விரல்விட்டு எண்ணும் தடவைதான் கிடைக்கும். அரிசி விலை ஒரு காரணம். ஆட்டாங்கல் இன்னொரு காரணம். ஒரு படி அரிசியும் உளுந்தும் ஆட்டி எடுக்க ஆத்தாவுக்கு ஒரு மாலைப்பொழுது போகும், தோள் இறங்கிவிடும். தினமும் யார் ஆட்டுவது?

அந்தக் கேள்விக்குக் கோயம்புத்தூர் பதில் சொன்னது. 1955இல் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தில் சுற்றும் மாவரைக்கும் கல்லை அங்கே உருவாக்கினார். முதலில் ஓட்டல்களுக்குப் போய், பிறகு வீடுகளுக்குள் நுழைந்தது கிரைண்டர். பின்னாளில் கோவை வெட் கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றது. ஆத்தாவின் தோளுக்கு அதைவிடப் பெரிய விடுதலை வேறெதுவும் வரவில்லை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. கூடவே ஃபிரிட்ஜ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டிய மாவு புதன் வரை தாங்கியது. இப்போது அதுவும் வேண்டாம். தெருமுனைக் கடையில் பாக்கெட் மாவு கிடைக்கிறது.

இன்னொரு பக்கம், உரல் மூலைக்குப் போய் ரைஸ்மில் வந்தது. தவிடு நீங்கிப் பளபளவென்று வெளுத்த அரிசிதான் நல்ல அரிசி என்றானது. ரேஷனில் 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த அரிசி, 2011 ஜூன் முதல் இலவசமானது. பட்டினியை ஓட்டியதில் அதற்கு இருக்கும் பங்கை யாரும் மறுக்க முடியாது. அதே சமயம், கம்பும் சோளமும் இருந்த இடத்தில் மூன்று வேளையும் வெள்ளை அரிசி வந்து உட்கார்ந்தது. நோம்பிக்கு வந்த விருந்தாளி வீட்டோடு தங்கிவிட்டார்.

இட்லியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. எண்ணெய் இல்லாமல் ஆவியில் வெந்தது; உளுந்தின் புரதமும் அதில் உண்டு. ஆறு இட்லியைத் தேங்காய்ச் சட்னியில் தொட்டு ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டு, ஸ்கூட்டரில் ஏறிப்போய் மாலை வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பதில்தான் வில்லங்கம். என் அப்பா முப்பது வருஷம் அப்படித்தான் வேலை பார்த்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வு, 2023இல் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் ஏறக்குறைய 10.1 கோடிப் பேர் என்று கணக்குச் சொன்னது. அதில் அவரும் ஒருவர்.

இன்று

சர்க்கரை வந்ததும் அப்பா முதலில் எடுத்த முடிவு காலைச் சாப்பாட்டை நிறுத்துவது. "சாப்டாதான ஏறும்? சாப்டாம இருந்தா?" என்பது அவர் கணக்கு. டீயும் இரண்டு பிஸ்கட்டுமாகப் பன்னிரண்டு மணி வரை ஓட்டினார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பலரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள்தான்.

உடம்பின் கணக்கு வேறு மாதிரி. நாம் எழுவதற்கு முன்பே கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் விழித்துக்கொள்கின்றன. அவை சொல்லக் கேட்டு, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. ஆரோக்கியமானவருக்கு இன்சுலின் அதைச் சமாளித்துவிடும். சர்க்கரைக்காரருக்கு அது முடியாது. இரவு எட்டு மணிக்கு மேல் ஒன்றுமே சாப்பிடாதவருக்கும் காலையில் 150 காட்டுவது இதனால்தான். பட்டினியை நீட்டினால் எண் இறங்கும் என்பது எல்லோருக்கும் பலிப்பதில்லை.

மதியம் வரும் விளைவு இன்னும் மோசம். 2015இல் டேனியலா ஜாகுபோவிச் என்ற மருத்துவரின் குழு, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 22 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தியது. ஒரு நாள் மூன்று வேளை உணவு. இன்னொரு நாள் காலை உணவு மட்டும் கிடையாது. மதியமும் இரவும் இரண்டு நாளும் ஒரே சாப்பாடு. காலை சாப்பிடாத நாளில், அதே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக ஏறியது. அதன் தாக்கம் இரவு வரை நீடித்தது. நீண்ட பட்டினியில் ரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் கூடுகின்றன. இன்சுலினின் வேலைக்கு அவை முட்டுக்கட்டை போடுகின்றன. காலை உணவு கணையத்துக்கு ஒரு ஒத்திகை மாதிரி. ஒத்திகை பார்க்காமல் மதியம் திடீரென்று மேடையேற்றினால் அது தடுமாறுகிறது. சோதனை சிறியதுதான். ஆனால் அப்பா சர்க்கரை அளவை எழுதிவைக்கும் நோட்டில் மதிய எண்கள் எகிறியதும் அந்தப் பட்டினி மாதங்களில்தான்.

இதைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். ஒருநாள் அப்பா மாத்திரை போட்டுவிட்டு, கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினார். பஸ்ஸிலேயே வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டியது. பக்கத்து சீட்டு அம்மா பையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஜூஸ் பாட்டில்தான் காப்பாற்றியது. அத்தோடு பட்டினி வைத்தியம் முடிந்தது. மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வேளையை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

அடுத்த அலை சிறுதானியம். ஒரு தலைமுறைக்கு முன் ஏழைச் சாப்பாடு என்று வெட்கப்பட்டு ஒளித்த கம்பும் ராகியும் இன்று கண்ணாடிப் புட்டிகளில் அரிசியைவிடப் பல மடங்கு விலைக்கு நிற்கின்றன. ஆனால் கம்பு என்ற பெயர் மட்டும் சர்க்கரையைப் பிடித்து வைக்காது. மைபோல் அரைத்த ராகி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, வெல்லம் போட்டுச் சூடாகக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்றுதான் ஏறும். உடனடி ஓட்ஸும் சத்துமாவுப் பாக்கெட்டும் அப்படியே. அப்பாருவின் கூழில் கம்பு இருந்தது. கூடவே தவிடும் புளிப்பும் மோரும் வெங்காயமும் காடும் இருந்தன.

இன்றைய காலையில் நிம்மதி தரும் காட்சியும் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 1,545 பள்ளிகளில் ஆரம்பித்து, அடுத்த ஆண்டே 31,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. ரவா உப்புமா, கிச்சடி, பொங்கல். கூடவே காய்கறி சாம்பார். வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போன அப்பாவின் தலைமுறையோடு ஒப்பிட்டால், காலை உணவு விஷயத்தில் இன்று வென்றிருக்கிறது என்று தயங்காமல் சொல்லும் இடம் இது.

வீட்டில் நாங்கள் செய்த மாற்றம் சின்னது. ஆறு இட்லி மூன்றானது. சாம்பார் கிண்ணம் பெரிதாகி, அதில் முருங்கைக்காயும் கத்திரிக்காயும் மிதக்காமல் நிறைந்து நிற்கின்றன. ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி பச்சைப்பயறுச் சுண்டலோ கட்டாயம். வாரம் இரண்டு நாள் கைநிறையப் பருப்பு போட்டு அரைத்த அடை. காயையும் சுண்டலையும் முதலில் சாப்பிட்டுவிட்டு இட்லிக்கு வர வேண்டும். மாவுச்சத்து கடைசியாகப் போனால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்பாவுக்கு இந்த வரிசைதான் பிடிக்கவில்லை. "இதென்ன கூத்து, கல்யாணப் பந்தில பாயசத்த மொதல்ல வெக்கற மாதிரி" என்றார். ஆனாலும் செய்கிறார். கை கழுவியதும் தெருக்கோடி வேப்பமரம் வரை ஒரு நடை, பதினைந்து நிமிடம். எழுதும் எண்கள் சிறிது சிறிதாகக் கீழே வந்துகொண்டிருக்கின்றன.

ஒன்பதே காலுக்கு அந்தப் பெண் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அப்பா எழுந்தார், கால் மரத்துப் போயிருந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார்.

"என்னங்கப்பா?"

"ஒண்ணுமில்ல. எங்கய்யன் சாப்ட்டுப்போட்டு ரெண்டு மணி நேரம் ஒரே எடத்துல உக்காந்து நா பாத்ததே இல்ல" என்றார், சட்டைக் கையை மடக்கியபடி.