சன்னிவேலின் பொறியியலாளரும் சான் ஹொசேயின் அகதிகளும்

புலம்பெயர்ந்த எமது குடும்பங்களிலே, பிள்ளைகளைக் கண்டிக்கும்போது பெற்றோர் எடுத்தாளும் உதாரணங்களுள் ஒன்று அமெரிக்காவில் வாழும் இந்தியத் தமிழரைப் பற்றியதாகும். "அவர்களும் தமிழர்தானே? கலிபோர்னியாவிலே கணனி நிறுவனங்களையே நடத்துகிறார்கள். நாங்கள் மட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்வி பிறந்தநாள் விருந்துகளிலும் கோயில் மண்டபங்களிலும் தொலைபேசி உரையாடல்களிலும் தவறாது எழுகின்றது. கேட்பவரின் மனத்தாங்கலில் தவறில்லை. ஒப்பீடு பொருத்தமானதா என்பதையே எவரும் நின்று யோசிப்பதில்லை. அதே கலிபோர்னியாவில், அதே பள்ளத்தாக்கில், எமது வரலாற்றுக்கு மிக நெருங்கிய வரலாற்றையுடைய இன்னொரு சமூகம் வாழ்ந்து வருகின்றது. அவர்கள் தமிழர் அல்லர்; வியட்நாமியர்.

சன்னிவேல், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்முனைக்கு அண்மையில் உள்ள நகரம். ஒரு காலத்தில் அது பழத்தோட்டங்களுக்கும், பழங்களைத் தகரத்தில் அடைக்கும் ஆலைகளுக்கும் பெயர்பெற்றிருந்தது. லிபி நிறுவன ஆலையின் நீர்த்தாங்கி, பழத்தகரம் போன்று வர்ணந்தீட்டப்பட்டு, நினைவுச்சின்னமாக இன்றும் அங்கே நிற்கின்றது. 1956 இல் லொக்ஹீட் ஏவுகணைத் தொழிற்சாலை வந்தது. 1969 இல் ஏ.எம்.டி. என்னும் குறைகடத்தி நிறுவனம் வந்து சேர்ந்தது. தோட்டங்கள் மறைந்தன. 2020 குடிசன மதிப்பீட்டின்படி நகரின் சனத்தொகை 155,805. அதற்கு முந்திய 2010 மதிப்பீட்டிலேயே நூற்றுக்குப் பதினைந்து பேர் இந்திய வம்சாவளியினராக இருந்தனர். எல் கமினோ றியல் நெடுஞ்சாலை வழியே செல்பவர் இட்டலி, தோசைக் கடைகளையும் மளிகைக் கடைகளையும் கண்டு, சென்னையின் ஒரு வீதிக்குத்தான் வந்துவிட்டோமோ என ஐயுறக்கூடும்.

அங்கிருந்து இருபது கிலோமீற்றர் அளவு சென்றால் சான் ஹொசே நகரின் கிழக்குப் பகுதியிலுள்ள ஸ்ரோறி வீதியை அடையலாம். அங்கே கடைப்பலகைகள் வியட்நாமிய மொழியிலுள்ளன. 2010 மதிப்பீட்டில் சான் ஹொசேயில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வியட்நாமியர் இருந்தனர். வியட்நாமுக்கு வெளியே ஒரே நகர எல்லைக்குள் இத்தனை வியட்நாமியர் வாழ்ந்த இடம் வேறில்லை.

இவ்விரு சமூகங்களின் நிலையையும் இலக்கங்களில் பார்ப்போம். பியூ ஆய்வு நிலையம் வெளியிட்ட 2019 ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, அமெரிக்கா முழுவதிலும் இந்தியக் குடும்பமொன்றின் இடைநிலை வருடாந்த வருமானம் 119,000 டொலர். வியட்நாமியக் குடும்பத்தினது 69,800 டொலர். இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரில் பட்டம் பெற்றவர்கள் இந்தியரில் நூற்றுக்கு 75, வியட்நாமியரில் 32. இவ்விலக்கங்களைக் கண்டவுடனே, "ஓர் இனம் கெட்டித்தனமானது, மற்றையது பின்தங்கியது" என்று முடிவுகட்டுவோர் உளர். அமெரிக்கப் பத்திரிகைகள் பல காலமாக எழுதிவந்ததும் ஏறக்குறைய அதுவே. பண்பாடு, பெற்றோரின் ஒழுக்கம், கல்வியில் ஆர்வம் என்று காரணங்களை அடுக்குவர். எமது கருத்தில் இவையெல்லாம் இரண்டாம்பட்சக் காரணங்களே. எந்தக் கதவால் யார் உள்ளே விடப்பட்டனர் என்பதே முதற் கேள்வி.

சன்னிவேல் இந்தியர் வந்த கதவு 1965 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தால் திறக்கப்பட்டது. 1990 ஆம் ஆண்டுச் சட்டம் எச்-1பி விசாவை உருவாக்கி, ஆண்டுக்கு 65,000 பேர் என வரையறுத்தது. கணனித்துறை பொங்கிய காலத்தில், 2001 முதல் 2003 வரை, அவ்வெல்லை 195,000 ஆக உயர்த்தப்பட்டது. இந்த விசாவுக்குப் பட்டமும் வேண்டும், வேலை தரும் நிறுவனமும் வேண்டும். அதாவது, வந்தவர் இரு தடவை சலிக்கப்பட்டே வந்தார். முதலில் இந்தியாவின் நுழைவுத் தேர்வுகளில். பின்னர் அமெரிக்க நிறுவனங்களின் கையில். அவரைப் படிப்பித்த செலவில் பெரும்பகுதியை ஏற்றது இந்திய மக்களின் வரிப்பணம். 1959 இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி. போன்ற கல்லூரிகள் அரச பணத்தில் எழுந்தவை. ஊரிலுள்ள நூறு பேரில் தலைசிறந்த இருவரைப் பொறுக்கியெடுத்து விமானத்தில் ஏற்றிவிட்டு, "பாருங்கள், அந்த ஊரார் எல்லோரும் எவ்வளவு கெட்டிக்காரர்" என்று வியப்பதைப் போன்றது இது. பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அனாலீ சக்சேனியன் 1999 இல் வெளியிட்ட ஆய்வு, 1998 ஆம் ஆண்டளவில் சிலிக்கன் பள்ளத்தாக்கின் உயர்தொழில்நுட்ப நிறுவனங்களில் ஏறத்தாழ நான்கிலொன்றைச் சீன, இந்தியப் பொறியியலாளர்கள் நடத்தினர் என்று காட்டியது. சாதனைதான், ஐயமில்லை. ஆயினும் சாதித்தவர்கள் வாசலிலேயே தெரிந்தெடுக்கப்பட்டவர்கள்.

வியட்நாமியரை எவரும் தெரிந்தெடுக்கவில்லை. 1975 ஏப்ரல் 30 இல் சைகோன் வீழ்ந்தது. அவ்வாண்டிலே ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம் பேர் அமெரிக்கா வந்தனர். இவர்களிற் பலர் இராணுவ அதிகாரிகள், அரச உத்தியோகத்தர், ஆங்கிலம் அறிந்தோர். 1978 க்குப் பின்னர் வந்தவர்களே 'படகு மக்கள்' என உலகம் அறிந்தவர்கள்: மீனவர், விவசாயிகள், சிறு வணிகர், சீன வம்சாவளியினர். கடற்கொள்ளையருக்கும் புயலுக்கும் தப்பி, மலேசியாவிலும் தாய்லாந்திலும் முகாம்களிற் காத்திருந்து வந்தவர்கள். பண்பாட்டால் ஒன்றேயான இவ்விரு அலைகளில், முதல் அலையினர் விரைவில் நிமிர்ந்தனர். பின்வந்தோர் நெடுங்காலம் உழன்றனர். பண்பாடுதான் காரணம் என்போர் இதற்கு என்ன விடை சொல்வர்?

இந்தியர் பக்கமும் இதே பாடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிய விவசாயிகள் கலிபோர்னியாவுக்கு வந்து கடுமையாக உழைத்தனர். 1913 ஆம் ஆண்டு மாநிலச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்ற வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்குவதைத் தடுத்தது. 1923 இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றோர் என அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உழுத நிலத்தைப் பிறர் பெயரில் எழுதிவைத்து வாழவேண்டிய நிலை அவர்களுக்கு. 1946 இல் சட்டம் மாறியது. பத்தாண்டு கழிந்து, 1956 இல், அவர்களுள் ஒருவரான தலிப் சிங் சாந்த் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தெரிவானார். ஆட்கள் அவர்களேதான், கதவுதான் மாறியது.

உள்ளே வந்தபின் நடந்தது என்ன? வியட்நாமியருக்கு அமெரிக்க அரசு ஒன்றைச் செய்தது. அதை நாம் கவனிக்க வேண்டும். 1980 ஆம் ஆண்டு அகதிகள் சட்டம், வந்திறங்கியவருக்கு முப்பத்தாறு மாதங்கள் வரை பண உதவியும் மருத்துவ உதவியும் கிடைக்க வழிசெய்தது. (1991 அளவில் இது எட்டு மாதங்களாகச் சுருங்கிவிட்டது.) ஓராண்டில் நிரந்தர வதிவிட உரிமை, ஐந்தாண்டில் குடியுரிமை. வியட்நாமிய அகதிக்குப் பணம் பின்னரே வந்தது; நிலையான இருப்பு முதலில் கிடைத்தது. சன்னிவேல் பொறியியலாளருக்கு நேரெதிர். சம்பளம் முதல் மாதமே கிடைக்கும். ஆனால் எந்தவொரு நாட்டவருக்கும் வேலைவழி நிரந்தர வதிவிட அனுமதிகளில் நூற்றுக்கு ஏழுக்கு மேல் இல்லை என்ற விதியால், இந்தியர் பத்து, பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் வரிசையிற் காத்திருக்கின்றனர். வேலை போனால் விசாவும் போகும். 2001 வீழ்ச்சியில் மூட்டை கட்டியவர் பலர். 2017 முதல் அறுபது நாள் அவகாசம் தரப்பட்டது. 2022, 2023 வேலைநீக்கங்களின்போது அந்த அறுபது நாட்களை எண்ணி உறக்கமிழந்த குடும்பங்கள் எத்தனையோ. மனைவிமாரில் ஒரு பகுதியினருக்கு வேலை செய்யும் அனுமதி 2015 இலேதான் கிடைத்தது. குழந்தையாக வந்த பிள்ளை இருபத்தொரு வயதை எட்டியதும் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து விலகிவிட நேர்கின்றது. இரண்டு மில்லியன் டொலர் பெறுமதியான வீட்டின் உள்ளேயும் இந்த அச்சம் உண்டு. எமது வீடுகளில் இதைப் பற்றி எவரும் பேசக் கேட்டதில்லை.

சான் ஹொசே வியட்நாமியர் செய்த தொழில்களை எம்மவர் வாசிக்கும்போது தம் வாழ்வையே வாசிப்பது போலிருக்கும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆண்களும் பெண்களும் இலத்திரனியல் தொழிற்சாலைகளில் மின்சுற்றுப் பலகைகளுக்கு ஈயம் பற்றவைத்தனர். ஒரே பள்ளத்தாக்கில் இந்தியர் வரைந்த கருவியை வியட்நாமியர் பொருத்தினர் என்றாலும் பெரிய மிகையாகாது. சிலர் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து, சமையலறை மேசையில் பிள்ளைகளுடன் இருந்து பொருத்தினர்; கூலி மணிக்கணக்கில் அன்று, துண்டுக்கணக்கில். சான் ஹொசே மேர்க்குரி நியூஸ் நாளிதழ் 1999 இல் இதனை ஆராய்ந்து வெளிப்படுத்தியது. பின்னர் அத்தொழிற்சாலைகளிற் பெரும்பாலானவை ஆசியாவுக்கே பெயர்ந்துவிட்டன.

நகம் அழகுபடுத்தும் தொழிலின் கதை வேறு விதமானது. 1975 இல், ஹிச்கொக்கின் 'பறவைகள்' திரைப்படத்தில் நடித்த ரிப்பி ஹெட்ரன் என்னும் நடிகை, சக்ரமென்ரோ நகருக்கு அண்மையிலிருந்த அகதி முகாமுக்கு அடிக்கடி சென்றார். அவரது நகங்களைப் பெண்கள் வியந்து பார்த்தனர். அவர் தமது நகக்கலைஞரை அழைத்துவந்து இருபது பெண்களுக்கு அத்தொழிலைக் கற்பித்தார். அதிகம் ஆங்கிலம் வேண்டியதில்லை, முதலும் சிறிது. அக்காள் தங்கைக்கும் தங்கை அயலாளுக்கும் கற்பிக்க, ஒரு தலைமுறைக்குள் அமெரிக்காவின் நகத்தொழிலில் பெரும்பங்கு வியட்நாமியர் கைக்கு வந்துவிட்டது. லே குடும்பத்தினர் சான் ஹொசேயில் உணவு வாகனத்துடன் தொடங்கி, 1983 இல் 'லீஸ் சான்ட்விச்சஸ்' கடையைத் திறந்தனர். அது பல மாநிலங்களில் கிளைவிட்டது. இரசாயன நெடியிலும் அடுப்படியிலும் கழிந்த அந்த ஆண்டுகளின் பயனைப் பிள்ளைகளிடம் காணலாம். அமெரிக்காவிற் பிறந்த வியட்நாமியரில் பாதிக்கு மேற்பட்டோர் பட்டதாரிகள். பெற்றோர் தலைமுறையில் இது ஏறத்தாழ நான்கிலொரு பங்கே.

அரசியலில் அகதிச் சமூகம் முந்திக்கொண்டது என்பது பலருக்கு வியப்பூட்டலாம். 2003 இல் சான் ஹொசேயில், மரக்கறி சீவும் கருவியைக் கையில் வைத்திருந்த வியட்நாமியத் தாயொருவர் தமது வீட்டிலே காவற்றுறையினரால் சுட்டுக்கொல்லப்பட்டார். அதையடுத்து எழுந்த கண்டனக் கூட்டங்களில் முன்னின்ற மடிசன் நுயென், 2005 இல் மாநகரசபைக்குத் தெரிவான முதல் வியட்நாமியரானார். அவரை வென்றெடுத்த அதே மக்கள், ஸ்ரோறி வீதி வணிகப் பகுதிக்கு 'லிட்டில் சைகோன்' என்று பெயரிட அவர் உடன்படவில்லை என்று 2008 இல் கொதித்தெழுந்தனர். முன்னாள் விமானியொருவர் நாலு வாரம் உண்ணாவிரதம் இருந்தார். 2009 இல் நுயெனைப் பதவி நீக்கும் வாக்கெடுப்பே நடந்து, தோல்வியுற்றது. ஒரு பெயர்ப்பலகைக்காக இத்தனை பிளவா என்று நாம் சிரிக்கலாம். எமது சங்கங்களின் வரலாறு தெரிந்தவர் சிரிக்கமாட்டார். எவ்வாறாயினும், சண்டையிடுவதற்கும் வாக்குரிமை வேண்டும். அது அவர்களிடம் இருந்தது. செல்வம் மிகுந்த சன்னிவேலில், 2022 நவம்பர் தேர்தலில் முரளி ஸ்ரீனிவாசன் நகரசபைக்கு ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் தெரிவானார். அவ்வட்டாரத்தில் விசாவில் வாழ்ந்த எந்தப் பொறியியலாளரும் அதில் வாக்களித்திருக்க முடியாது.

இனி எம்மை எங்கே வைத்துப் பார்ப்பது? 1971 இல் தொடங்கிய தரப்படுத்தல் எமது மாணவர் பலரின் பல்கலைக்கழக வாசலை அடைத்தது. 1983 எஞ்சியதையும் குலைத்தது. 1986 ஓகஸ்ற்றில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர், தென்சீனக் கடலில் மிதந்த வியட்நாமியரின் உடன்பிறப்புகள் போன்றோர். ஒரு வேறுபாடு உண்டு. வியட்நாமியரைப் பெரும்பாலும் அரசே முகாம்களிலிருந்து அழைத்து வந்தது. நாம் வாசலில் நின்று எம்மை நிரூபிக்க வேண்டியிருந்தது. அகதி கோருவோரை நேரில் விசாரிக்காமல் நிராகரிக்கலாகாது எனக் கனடிய உயர்நீதிமன்றம் 1985 இல் சிங் வழக்கில் தீர்ப்பளித்திராவிடில், இன்று ஸ்காபரோவில் எத்தனை வீடுகளில் தமிழ் கேட்கும்? அதே ஊரிலிருந்து, அதே ஆண்டில், மன்னார்க் கடலைக் கடந்து மண்டபத்தில் இறங்கியவரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2021 இல் தமிழக அரசு அம்முகாம்களை 'மறுவாழ்வு முகாம்கள்' எனப் பெயர் மாற்றியபோதும் அவற்றில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தனர். இந்தியக் குடியுரிமையை எளிதாக்கிய 2019 ஆம் ஆண்டுச் சட்டமும் இலங்கையரைச் சேர்க்கவில்லை. அண்ணன் ரொறன்ரோவில் வீட்டுச் சொந்தக்காரர், தம்பி கும்மிடிப்பூண்டி முகாமில் வர்ணம் பூசும் கூலி. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

குடியுரிமையைப் பற்றி இன்னொன்று. வியட்நாமியரில் பெரும்பான்மையோர் அதை விரைந்து பெற்றனர். ஆங்கிலம் போதாது, கட்டணம் அதிகம், பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்களும் இருந்தனர். அவர்களின் பிள்ளைகளிற் சிலர் இளவயதிற் குற்றமிழைத்துத் தண்டனை பெற்றனர். 1995 யூலை 12 க்கு முன் வந்தவர்களைத் திருப்பியனுப்புவதில்லை என்று 2008 இல் அமெரிக்காவும் வியட்நாமும் உடன்பட்டிருந்தும், 2017 முதல் அத்தகையோர் பலர் கைதாகி நாடுகடத்தலை எதிர்நோக்கினர். தண்டனையை முடித்து, மணம்புரிந்து, பிள்ளைகளைப் பெற்று, நகக்கடையோ வாகனத் திருத்தகமோ நடத்தியவர்கள் அவர்கள். பெற்றோர் உரிய காலத்தில் குடியுரிமை பெற்றிருந்தால், அப்போது பதினெட்டு வயது நிரம்பாதிருந்த பிள்ளைகள் பலருக்கும் அவ்வுரிமை தானாகவே கிடைத்திருக்கும். நிரப்பப்படாத விண்ணப்பப் படிவம் அலுமாரியில் கிடக்கும் வீடுகள் எம்மிடையேயும் உள.