மாத்தளை மலையும் காலைக் கஞ்சியும்

கண்டி மாநகரிலிருந்து வடதிசை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை அக்குறணையைக் கடந்து மாத்தளைப் பள்ளத்தாக்கினுட் புகுந்ததும், காற்றிலேயே ஒரு மாறுதல் தோன்றுகின்றது. மிளகும் கராம்பும் ஏலமும் சாதிக்காயும் வனிலாவும் கொக்கோவும் விளையும் மண் இது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் தன் மத்திய ஆராய்ச்சி நிலையத்தை மாத்தளையில் அமைத்திருப்பது தற்செயலன்று. கிழக்கே, 2010 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பெற்ற தும்பறை மலைத்தொடர் நிற்கின்றது. வடக்கே தம்புள்ளையில், 1999 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பொருளாதார மத்திய நிலையத்திலே, இரவு பகலாக மரக்கறி மூட்டைகள் ஏறி இறங்குகின்றன. உணவுக்குப் பஞ்சமுள்ள மாவட்டம் என்று இதனை எவருஞ் சொல்லார்.

ஆயினும், இறத்தோட்டை, எல்கடுவை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில், விடியுமுன் அடுப்பு மூட்டும் ஒரு லயத்துக் குடும்பத்தின் காலை உணவு யாது? பெரும்பாலும் கோதுமை மா ரொட்டி, ஒரு கரண்டிச் சம்பல், ஒரு கோப்பைச் சாயத்தண்ணீர். 2016 ஆம் ஆண்டின் தேசிய சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்குரிய உயரமின்றிக் குன்றியிருந்தனர்; தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு 32 பேர். இக்குறைக்குக் காரணங்கள் பல. கூலி, குடிநீர், தாயின் உடல்நலம், அடுத்தடுத்த பேறு ஆகிய யாவும் அவற்றுள் அடங்கும். காலைக் கலத்தில் என்ன இருக்கின்றது என்பதும் அவற்றுள் ஒன்று. உடனே மாற்றத்தக்க காரணமும் அதுவே.

மேனாடுகளில் இக்காலத்தே 'சூப்பர் பூட்' என்றொரு சொல் பெரிதும் உலவுகின்றது. மெக்சிக்கோ நாட்டுச் சியா விதையும் அந்தீசு மலையின் கினோவாவும் அப்பெயரால் விலையேறி, கொழும்புக் கடைகளின் கண்ணாடிப் புட்டிகளிலும் வந்து அமர்ந்திருக்கின்றன. பழத்தையும் பாலையும் பிளெண்டரில் இட்டுக் குழைத்து, மேலே அவற்றைத் தூவி, 'ஸ்மூதி' எனப் பருகுவது நகரத்து நாகரிகம். இச்சொல்லுக்கு விஞ்ஞான வரைவிலக்கணம் எதுவும் இல்லை. இது வியாபாரத்தில் வளர்ந்த சொல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க யுனைற்றெட் புரூட் நிறுவனம் வாழைப்பழத்தை இப்படித்தான் விளம்பரப்படுத்திற்று. இன்று எந்த வீட்டுக் கொல்லையிலும் தொங்கும் வாழைப்பழமே அன்று அற்புத உணவு! தனியொரு பண்டம் எவரையும் காத்துவிடாது. ஆனால், அன்றாட உணவோடு சிறிது சத்துள்ள பொருளைச் சேர்த்தல் என்னும் கருத்து நல்லதே. அதற்கு அந்தீசு மலை வரை போகவேண்டியதில்லை.

சிங்களத்தில் 'கொலகெந்த' எனவும் யாழ்ப்பாணத்தில் 'இலைக்கஞ்சி' எனவும் வழங்கும் பானத்தை மாத்தளைச் சந்தியில் எந்த விடியலிலும் சுடச்சுடப் பெறலாம். பல பாடசாலைகளில் அது மாணவர்க்கு வழங்கப்படுவதுமுண்டு. செய்முறை எளிது. ஒரு பிடி சிவப்புப் பச்சையரிசியை இரண்டு மூன்று பல் உள்ளியுடன் குழைய வேகவிட வேண்டும். வல்லாரை, கறிவேப்பிலை, முடக்கொத்தான், சாத்தாவாரி, முருங்கை ஆகியவற்றுள் கைக்கு எட்டியதைத் தேங்காய்த் துருவலோடு அரைத்துப் பிழிந்து, அச்சாற்றைக் கஞ்சியில் வார்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். உப்பு மட்டுமே சேர்ப்பர். கித்துள் கருப்பட்டியைக் கையில் வைத்துக் கடித்துக்கொள்வர்.

இம்முறையில் பழையோர் கண்ட நுட்பம் வியக்கத்தக்கது. விற்றமின் சி வெப்பத்தில் அழியும் இயல்பினது. ஆகவேதான் சாற்றைக் கடைசியில் வார்க்கின்றனர். கீரையின் பச்சை நிறத்துக்குள் ஒளிந்திருக்கும் கரோட்டீன், கொழுப்பின் துணையின்றி உடலில் எளிதிற் சேராது. தேங்காய்ப்பால் அத்துணையை நல்குகின்றது. நாளுக்கொரு இலையென மாற்றுவதும் காரணமின்றி எழுந்த வழக்கமன்று. ஒரே கீரையை ஓயாது உண்டால், அதிலுள்ள வேண்டாப் பொருளும் ஓயாது உட்செல்லும். குறை ஒன்றுண்டு: சாறு பிழிந்த பின் எஞ்சும் சக்கையை எறிந்துவிடுவதால் நார்ச்சத்து போய்விடுகின்றது. அதே வல்லாரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்த் துருவலும் வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துச் சம்பலாக உண்பவர்க்கு அந்த இழப்பில்லை.

இனிக் குரக்கன். தமிழகத்தார் கேழ்வரகு என்பர். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திலே சிறையிருந்த ஆங்கில மாலுமி றொபட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் இத்தானியத்தைக் குறிப்பிட்டிருக்கின்றார். மலைநாட்டுச் சேனைகளில் அது அன்றே விளைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த தமிழ்த் தொழிலாளர்க்கும் அது புதிதன்று. மழை குறைந்த சீமைகளிலிருந்து வந்த அவர்களுட் பலர், கேழ்வரகுக் கூழிலும் களியிலும் வளர்ந்தவர்கள். கோப்பித் தோட்டத்திலோ துரைமார் அளந்து கொடுத்தது இறக்குமதி அரிசி. 1942 இல் பர்மா யப்பானியர் வசமானதும் அந்த அரிசி வரத்தும் நின்றது. பங்கீட்டில் கோதுமை மா வந்தது. போர் முடிந்தது, மா போகவில்லை. ரொட்டி விரைவில் வேகும், கட்டிக்கொண்டு மலையேறலாம், பசியைத் தாங்கும். பிரட்டுக்களத்துக்கு நேரத்தோடு செல்லவேண்டிய தாய்க்கு அவை சிறிய காரணங்கள் அல்ல. இதற்காக அவளைக் குறைகூறுவோர், அவள் எழும் நேரத்தில் தாமும் எழுந்து பார்த்தல் நன்று.

நூறு கிராம் குரக்கனில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அதே அளவு பசுப்பாலில் 120 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. பால் வாங்க இயலாத வீட்டுக்கு இவ்வெண்கள் பெரிதும் பொருளுடையவை. கோதுமை மாவை முற்றாக விலக்கவேண்டுமென்பதில்லை. மூன்று பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு குரக்கன் மாவும், ஒரு பிடி முருங்கையிலையும், தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பிசைந்தால், ரொட்டி தட்டும் வேலை சற்றும் கூடுவதில்லை. நிறம் மட்டுமே கறுக்கும். குரக்கன் நீரிழிவுக்கு மருந்து என்று சிலர் சொல்வர். அதனை மாவாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிக் கருப்பட்டியும் சேர்த்துக் குடித்தால், இரத்தத்தில் சீனி ஏறத்தான் செய்யும். கருப்பட்டியும் சீனியே.

அடுத்தது இரத்தசோகை. மலைநாட்டுப் பெண்களை இது பெரிதும் வாட்டுகின்றது. முகம் வெளிறும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும், கருவுற்ற காலத்தில் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. கீரையிலும் தானியத்திலும் பருப்பிலும் இரும்புச்சத்து உண்டெனினும், அஃது உடலில் எளிதில் ஏறும் வகையினதன்று. அதற்குத் துணையாவது விற்றமின் சி. பகையாவது தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள். உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்துங்கால், தாவர உணவின் இரும்புச்சத்திற் சரிபாதிக்கும் மேலானது வீணாகின்றது என 1970 களிலேயே ஆராய்ச்சியாளர் காட்டினர். உலகத்துக்கே தேயிலை பறித்துத் தரும் கைகளின் இரத்தத்தை அதே தேயிலையின் சாயம் மெலிவித்தல் கொடுமையானதொரு முரண். தேநீரை விடவேண்டுவதில்லை, உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணிநேரம் விட்டாலே தீங்கு பெரிதும் குறையும். விடியலில் கஞ்சியோ ரொட்டியோ உண்டு, ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டு புறப்படும் பெண், தேநீரை இடைவேளைக்கு ஒத்திவைக்கலாம். தாய்மார் சிகிச்சை நிலையத்தில் தரப்படும் இரும்பு மாத்திரைக்கும் இவ்விதி பொருந்தும். அதனைச் சாயத்தண்ணீரோடு விழுங்குதல் மாத்திரையைப் பாதி எறிவதற்கு ஒப்பாகும்.

1973 ஆம் ஆண்டு தொடங்கிய திரிபோச திட்டத்தையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். சோளமும் சோயாவும் கலந்து, விற்றமின்களும் தாதுப்பொருள்களும் சேர்த்த இச்சத்துமா, கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் எடை குறைந்த குழந்தைக்கும் உரியது. வீட்டிலோ அது எல்லோருக்கும் பங்காகிவிடுகின்றது. பங்கிட்டு உண்பது தமிழர் பண்புதான். ஆயினும் இந்தப் பொதியில் மட்டும் தாய் சற்றுத் தன்னலம் பாராட்டலாம்.

பழக்குழைவுகளைப் பொறுத்தவரை, இலங்கையர் அதனை எவரிடமும் கற்கவில்லை. தம்புள்ளை, கலேவலைப் பக்கத்து வறண்ட நிலத்தில் உதிரும் விளாம்பழத்தைத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விட்டுக் கையாற் பிசைந்தால் அதுவே உயர்ந்த குழைவு. பப்பாசி, ஆனைக்கொய்யா, வாழை ஆகியவற்றையும் அவ்வாறே தயிரோடு குழைக்கலாம். ஊறவைத்த திருநீற்றுப்பச்சை விதையைச் சியாவுக்குப் பதிலாகத் தூவலாம். பழத்தை வடிகட்டாது முழுமையாகக் குழைத்தலே முறை.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையோடு சொல்லல் வேண்டும். காமரங்காயும் பிலிம்பிக்காயும் ஒட்சாலிக்கமிலம் மிகுந்தவை. ஒன்றிரண்டைக் கறியிலோ ஊறுகாயிலோ உண்பது வேறு. பத்துக் காயைப் பிழிந்து வெறுவயிற்றில் குடிப்பது வேறு. காமரங்காய்ச் சாற்றினால் சிறுநீரகம் பழுதுற்றோரைப் பற்றி இலங்கை வைத்தியர்கள் 2015 இல் விஞ்ஞான இதழில் எழுதியிருக்கின்றனர். வில்கமுவப் பகுதியில் சிறுநீரக நோய் ஏற்கெனவே பல குடும்பங்களைத் தாக்கியிருக்கின்றது. அங்கே இச்சாறுகளை அறவே தவிர்த்தல் நலம். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் என்னும் மருந்து உட்கொள்வோர், கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டுமுன் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். கீரையிலுள்ள விற்றமின் கே அம்மருந்தின் வேலையைக் குறைக்கும்.

வல்லாரை வளர்ப்பதற்குக் காணி வேண்டியதில்லை. லயத்து நீர்க்குழாயின் பக்கத்தில், அரைநிழலில், வேருள்ள ஒரு கொடித்துண்டை ஊன்றினால் அது தானே படரும். ஆனால் கழிவுநீர் ஓடும் கானில் படர்ந்ததைப் பறித்தலாகாது. எங்கே பறித்ததாயினும், தண்டோடு இலைகளைப் பிரித்து, மண் போக மூன்று முறை நல்ல நீரில் அலசி, உப்பு நீரிற் சிறிது நேரம் ஊறவிட்ட பின்னரே அம்மியில் வைத்தல் வேண்டும்.