வால்வின் வாய் எத்தனை அகலம்?

பூநகரியிலிருந்து இதயத்துக்கு ‘எக்கோ’ எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணத்துக்குப் போவார்கள். 2011இல் பாலம் திறந்தபின் பயணம் இலகுவாகிவிட்டது. கையில் தரப்படும் அறிக்கையை விளங்கிக்கொள்வதுதான் இன்னும் இலகுவாகவில்லை.

என் சாச்சிக்குச் சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சல், இதயத்தின் இடப்பக்கத்து இருகூர் வால்வைத் தடிக்கச் செய்து சுருக்கிவிட்டிருந்தது. கலியாணமான பிறகு, பிள்ளை பெறலாமா என்று கேட்கப் போனபோதுதான் அது தெரியவந்தது. அறிக்கையில் வால்வின் பரப்பு ஓரிடத்தில் 1.3 சதுர சென்ரிமீற்றர், இரண்டு வரி தள்ளி 1.1.

“ஒரு வால்வுக்கு ரெண்டு அளவா? மெசின் பிழையாக்கும்” என்றார் உம்மா. வேறு இடத்தில் இன்னொருக்கா எடுப்போம் என்றார் வாப்பா. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள் என்பதால் அறிக்கை என்னிடம் வந்தது.

மெசினில் பிழையில்லை. அவை இரண்டு வெவ்வேறு வழிகளில் எடுத்த அளவுகள்.

எக்கோ என்பது கழியொலி. கருவி அனுப்பும் அலை உடலுக்குள் செக்கனுக்கு ஏறத்தாழ 1540 மீற்றர் வேகத்தில் போய், இழையங்களில் பட்டுத் திரும்பி வருகிறது. திரும்ப எடுத்த நேரத்திலிருந்து தூரம் தெரிகிறது. 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் இங்கே எட்லரும் பௌதிகவியலாளர் ஹெல்முத் ஹேர்ட்சும் இதை இதயத்தில் முதன்முதலாகப் பரீட்சித்தார்கள். கருவியோ கப்பல் கட்டும் இடங்களில் உலோக வெடிப்பைத் தேடப் பயன்பட்ட வகை! எட்லர் அறிய விரும்பியதும் இதே இருகூர் வால்வின் நிலைமையைத்தான்.

1.3 என்பது படத்தில் வால்வின் வாயைச் சுற்றிக் கோடு வரைந்து கண்ட பரப்பு. சுருங்கிய வால்வு புனல் மாதிரி இருக்கும். வெட்டுமுகம் நுனியில் விழாமல் சற்று மேலே விழுந்தால் வாய் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்.

1.1 டொப்ளர் முறையில் வந்தது. இடது சோணையறைக்கும் இடது இதயவறைக்கும் இடையிலுள்ள அமுக்க வித்தியாசம் பாதியாகக் குறைய எத்தனை மில்லிசெக்கன் ஆகிறது என்று பார்ப்பார்கள். வாய் ஒடுங்க ஒடுங்க நேரம் கூடும். 220ஐ அந்த நேரத்தால் வகுத்தால் பரப்பு வரும். சாச்சிக்கு 200, ஆகவே 1.1. இந்த முறையை டொப்ளருக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் நோர்வேயின் லிவ் ஹாட்லே, ஒரு பெண் மருத்துவர். இதிலும் குறை உண்டு. தொகுதிப்பெருநாடி வால்வும் சேர்ந்து ஒழுகினால் இதயவறை வேகமாக நிரம்பி, நேரம் குறைந்து, பரப்பு கூடுதலாக வந்துவிடும்.

ஆரோக்கியமான இருகூர் வால்வின் பரப்பு 4 முதல் 6 வரை. 1.5உம் அதற்குக் கீழும் கடுமையான ஒடுக்கம். சாச்சியின் இரண்டு அளவுகளுமே அந்தக் கோட்டுக்குக் கீழேதான். எது சரி என்று வீட்டில் நடந்த வாதத்தால் வைத்தியரின் முடிவு மாறப்போவதில்லை. கர்ப்பகாலத்தில் இரத்தத்தின் கனவளவும் இதயத் துடிப்பும் கூடும். ஒடுங்கிய வால்வு அதைத் தாங்காது. ஆகவே முதலில் பலூனால் வால்வை விரிப்பது, பிள்ளை அதற்குப் பிறகு. நோன்புப் பெருநாள் கழிந்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

தொகுதிப்பெருநாடி வால்வின் கதை வேறு. 2002இல் பிரான்சில் அலன் கிரிபியே நெஞ்சைத் திறக்காமல் இரத்தக்குழாய் வழியாக ஒரு நோயாளிக்குப் புது வால்வு பொருத்தினார். நெஞ்சைத் திறக்கும் சத்திரசிகிச்சையில் வைத்தியர் அளவியை உள்ளே வைத்தே பார்க்கலாம். குழாய் வழியென்றால் முன்கூட்டிய படத்தை நம்பித்தான் வால்வின் அளவைத் தெரிய வேண்டும். சிறிதானால் ஓரத்தால் ஒழுகும், பெரிதானால் வளையம் கிழியக்கூடும்.

அந்த வளையம் வட்டமல்ல; நசுங்கிய வளையல் மாதிரி நீள்வட்டம். சாதாரண எக்கோ ஒரு பக்க விட்டத்தை அளந்து வட்டமென்று எடுத்துக்கொள்ளும். குறுகிய விட்டம் 21 மில்லிமீற்றர், நீண்டது 27 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வட்டமென்றால் 346 சதுர மில்லிமீற்றர், உண்மையான நீள்வட்டம் 445. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமற்போகிறது! அதனால் அங்கே சீ.ரீ. ஸ்கான்தான் முதன்மை, முழு வளையத்தையும் முப்பரிமாணத்தில் காட்டும். எக்ஸ் கதிரும், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய அயடீன் மருந்தும் அதற்கான விலை. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, ஒழுகும் இரத்தத்தின் அளவைச் சொல்வதில் கெட்டி. ஆனால் நேரம் எடுக்கும். துடிக்கும் மெல்லிய இதழ்கள் மங்கலாகிவிடும்.

எக்கோவில் கதிர்வீச்சே இல்லாததால் கர்ப்பிணிகளுக்கும் திரும்பத் திரும்ப எடுக்கலாம். போகும்போது பழைய அறிக்கைகளையும் கொண்டுபோங்கள். கோடு வரைந்து கண்ட அளவைக் கோடு வரைந்ததோடும், டொப்ளர் அளவை டொப்ளரோடும்தான் ஒப்பிட வேண்டும். போன வருடத்து 1.3க்குப் பக்கத்தில் இந்த வருடத்து 1.1ஐ வைத்து வால்வு இன்னும் சுருங்கிவிட்டது என்று பயப்படுமுன், இரண்டும் எந்த முறையில் எடுத்தவை என்று கேளுங்கள்.