விதைக்கென விட்ட காய்

உழவர்களும் வாங்குவோரும் சேர்ந்து நடத்தும் இயற்கை அங்காடிகளில் கத்திரிக்காய்க் கூடைக்குப் பக்கத்திலேயே நாட்டு விதைப் பொட்டலங்களும் இருக்கும். இரண்டையும் ஒரே சரக்காக நினைத்துக்கொள்கிறோம். ரசாயனம் தொடாமல் விளைந்த காயெல்லாம் நாட்டுக் காய் ஆகிவிடாது. சாணமும் பஞ்சகவ்யமும் கொடுத்து வீரிய ஒட்டு ரகத்தையும் வளர்க்கலாம், பலர் வளர்க்கிறார்கள்.

ஒட்டு ரகம் என்பது இரண்டு தூய வரிசைகளைச் சேர்த்துப் பெற்ற முதல் தலைமுறை. அதை விதைத்த வயலில் எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே சமயத்தில் காய்ப்பு. அதன் விதையை எடுத்து மறுபடி போட்டால், மெண்டல் 1866-இல் பட்டாணிச் செடியைக் கொண்டு எழுதிவைத்தபடி பண்புகள் பிரிந்துவிடும்: ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்றின் காய் கசக்கும். இதை ‘மலட்டு விதை’ என்று மேடைகளில் சொல்வது தவறு. பொதுவாக அது முளைக்கும், காய்க்கும். தாயைப் போல வராது, அவ்வளவுதான். ஆனால் உழவர் பருவத்துக்குப் பருவம் விதைக்கடைக்குப் போக அதுவே போதும்.

நாட்டு ரகம் தாயைப் போலவே வரும், காவல் இருந்தால். கத்திரிப் பூவின் மகரந்தம் குழல் போன்ற பைகளுக்குள் அடைந்திருக்கிறது. நுனியில் சிறு துளை மட்டும். மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்தால் அது கொட்டும். தேனீக்கு இந்த வித்தை தெரியாது. பெரும்பாலான பூக்கள் தம் மகரந்தத்தாலேயே சூல் கொண்டாலும், வண்டு பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தையும் சுமந்து வரும். அதனால்தான் ஆதார விதைக்கு, அதாவது மேலும் பெருக்குவதற்கான மூல விதைக்கு, நிற்கும் கத்திரிக்கு 200 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக உள்ள பூசணிக்கு 1,000 மீட்டர்.

வீட்டுத் தோட்டத்தில் அத்தனை இடத்துக்கு எங்கே போவது? மறுநாள் மலரவிருக்கும் பூசணியின் ஆண், பெண் மொட்டுகளை முதல் நாள் மாலையே நூலால் கட்டிவிடுங்கள். விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவில் தடவி, மறுபடி கட்டுங்கள். அந்தக் காய் விதைக்கு.

சமையலுக்கான காய் வேறு, விதைக்கான காய் வேறு. பிஞ்சு வெண்டையின் விதை முளைக்காது. செடியிலேயே காய்ந்து சலசலக்க வேண்டும். கத்திரி மஞ்சளாகப் பழுக்க வேண்டும். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பைத் தடுக்கும். ஓரிரு நாள் புளிக்கவைத்துக் கழுவினால் போய்விடும். விதைக்கென விட்ட காய் உழவருக்கு விற்பனை இழப்பு. பொட்டலத்தின் விலையில் இதுவும் அடங்கியிருக்கிறது, அதைப் பேரம் பேசாமல் கொடுப்பதே நியாயம்.

சேமிப்பில் ஈரமே எதிரி. விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த விதி. காய்ந்த சாம்பலில் புரட்டிவைத்த நம் பாட்டிமார் முதல் பாதியை நன்றாகவே அறிந்திருந்தார்கள். சாம்பல் ஈரத்தை உறிஞ்சும், விதையைத் தின்னும் வண்டுகளின் மேல்தோலையும் உராய்ந்து சிதைக்கும்.

நார்வேயின் ஸ்வால்பார்ட் பெட்டகத்தில் மைனஸ் 18 டிகிரியில் விதைகள் உறங்குகின்றன. அது தேவைதான். ஆனால் உறங்கும் விதை புதிய பூச்சியையோ தவறிய மழையையோ சந்திப்பதில்லை. ஆண்டுதோறும் நிலத்தில் இறங்குகிற விதைதான் அவற்றைத் தாங்கும் செடியைத் தேர்ந்தெடுக்க நமக்கு வாய்ப்புத் தருகிறது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவின் விதி எளிமையானது: 2 கிலோ விதை வாங்கிப் போனவர் அடுத்த ஆண்டு 4 கிலோ திருப்பித் தர வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் உள்ளிட்ட 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர் அவர்; 2018-இல் மறைந்தார்.

விதையைச் சேமிக்கவும், மாற்றிக்கொள்ளவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் உழவருக்கு உரிமை தருகிறது. அந்த உரிமை பயன்பட வேண்டுமானால் நாட்டுக் காயை வாங்கிச் சாப்பிட ஆள் வேண்டும். அடுத்த முறை அங்காடிக்குப் போகும்போது, “இது எந்த ரகம், இதற்கு விதை எடுக்கிறீர்களா?” என்று கேளுங்கள்.